பூத்தும் காய்க்காத ஹாஸ்காப் புதர்கள்: காட்டுச் செடியின் மகரந்தம் உதவுமா?

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், பிரின்ஸ் ஆல்பர்ட் நகருக்கு வெளியே உள்ள எங்கள் தோட்டத்தில், ஹனிசக்கிள் குடும்பத்தைச் சேர்ந்த ஹாஸ்காப் புதர்கள் மே மாதத்தில் கிளைகள் நிறைய வெளிர்மஞ்சள் பூக்களைத் தந்தும், அப்பூக்கள் பெரும்பாலும் காய் பிடிக்காமலேயே உதிர்ந்துவிடுகின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தங்கும் காய்கள் மட்டுமே நீண்டு, நீல நிறமாகிப் பழுக்கின்றன.

இருப்பவை போரியாலிஸ், டண்ட்ரா என்னும் இரு வகைகள். 2019இல் நட்டவை. நாள் முழுவதும் வெயில் படும் இடம்; இலைகளில் நோய்க்குறி எதுவும் இல்லை. இதன் பூ உறைநிலைக்குக் கீழே ஏழு பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்பதாலும், பூக்கும் காலத்தில் அவ்வளவு குளிர் வரவில்லை என்பதாலும் உறைபனியைக் காரணமாக நான் கருதவில்லை.

வேரடியில் மரத்தூள் மூடாக்கு இட்டேன், தவறாமல் நீர் பாய்ச்சினேன், பறவைகளுக்கு எதிராக வலை கட்டினேன், தூரிகையால் இரு வகைகளுக்கிடையே மகரந்தம் மாற்றியும் பார்த்தேன், பலன் இல்லை. இவ்விரண்டும் நெருங்கிய உறவுடையவை என்பதால் ஒன்றின் மகரந்தம் மற்றதற்குப் பயன்படாது என்று பின்னர் அறிந்து, அரோரா வகைக் கன்று ஒன்றை நட்டிருக்கிறேன். அது பூக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை ஒவ்வொரு வசந்தத்தின் பூவும் வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை.

பக்கத்து நிலத்தின் சதுப்போரத்தில் இதே இனத்தின் காட்டுப் புதர் வளர்கிறது; உரிமையாளர் கிளை வெட்டிக்கொள்ள இசைந்துள்ளார். பூத்த அக்கிளைகளை நீர் நிரம்பிய வாளியில் என் புதர்களுக்கு நடுவே வைத்தால், தேனீக்கள் வழியாகப் போதிய மகரந்தச் சேர்க்கை நிகழுமா?