சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஆயில்) எல்லா ஸ்டீயரிங்குக்கும் ஆகுமா?

நட்டுபோல்ட்: "பவர் ஸ்டீயரிங்குக்குன்னு தனி ஆயில் எல்லாம் காசு பிடுங்கற வேலை, சிவப்பு ஏடிஎஃப் ஊத்தினா எந்த வண்டிக்கும் போதும்"னு கியர்ராஜா பக்கத்துத் திரியில அருள்வாக்கு சொல்லியிருக்கார். யாராவது பாட்டிலைத் திறக்கறதுக்கு முன்னாடி ஸ்டீயரிங் ஆயில் டேங்க் மூடியைப் பாருங்கப்பா. டெக்ஸ்ரான்னு (ஜெனரல் மோட்டார்ஸ், அதாவது ஜிஎம் வச்ச ஏடிஎஃப் தரப் பேர்) இருந்தா ஏடிஎஃப். சிஎச்எஃப் 11எஸ்னு இருந்தா அது பச்சை நிற சிந்தெடிக் ஹைட்ராலிக் ஆயில், அதோட ஏடிஎஃப்பைக் கலக்கக் கூடாது. ஹைட்ராலிக் ஸ்டீயரிங் இருக்கற ஹோண்டா வண்டிக்கு அவங்க ஆயில்தான்.

கியர்ராஜா: வந்துட்டார் வாத்தியார். பம்புல சுத்தறது ஹைட்ராலிக் எண்ணெய். சிவப்பா பச்சையான்னு பார்க்கப் பம்புக்குக் கண்ணு இருக்கா?

நட்டுபோல்ட்: கண்ணு இல்ல, சீலுக்கு நாக்கு இருக்கு. ரப்பருக்கு ஒத்துவராத ஆயில் போனா அது ஊதும், இல்ல இறுகும். ரெண்டுமே ராக்ல (ஸ்டீயரிங் திருப்பறதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோற பாகம்) ஒழுகறதுலதான் முடியும். குளிர்ல சிஎச்எஃப் தண்ணி மாதிரி ஓடும், ஏடிஎஃப் கெட்டியா நிக்கும், பம்பு முனகும். சரி, எந்த ஏடிஎஃப்? டெக்ஸ்ரான் 3-க்கான லைசென்ஸை ஜிஎம் 2006 முடிவோட நிறுத்திட்டாங்க. இப்போ வர்ற டெக்ஸ்ரான் 6 அதைவிட நீர்த்தது. சும்மா "சிவப்பு"ன்னா எதைச் சொல்றீங்க?

கியர்ராஜா: டெக்ஸ்ரான் ஊத்தி எந்தப் பம்பு செத்துச்சு? அதைச் சொல்லுங்க.

பெல்ட்பிரியன்: லெவல் சரியா இருந்தும் ஊய்னு சத்தம், டேங்க்ல நுரை. அதுக்கு ஆயில் மாத்தினா போதுமா?

நட்டுபோல்ட்: போதாது. நுரைன்னா காத்து. டேங்க்லேர்ந்து பம்புக்கு வர்ற தடிச்ச ஹோஸ் உறிஞ்சற பக்கம். அதுல கிளாம்ப் தளர்ந்தா எஞ்சின் ஓடும்போது சொட்டு வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். அதனாலதான் தரையில கறையே இல்லாம ஊளை விடும். கிளாம்ப், ஓ-ரிங் பார்த்துட்டு, முன்சக்கரம் ரெண்டையும் தூக்கி ஸ்டாண்டு வைங்க. எஞ்சின் ஆஃப், சாவி மட்டும் லாக் விட்ட நிலையில. ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவா ஒரு 20 தடவை திருப்புங்க, லெவல் இறங்க இறங்க ஊத்துங்க. குமிழி நின்னப்புறம்தான் ஸ்டார்ட். அப்புறமும் கோடியில 5 செகண்டுக்கு மேல பிடிச்சு நிக்காதீங்க. அழுத்தம் கூடி ரிலீஃப் வால்வு திறந்து ஆயில் சுட்டுப்போயிடும்.

திருப்பும்போது மட்டும் கீச்சுன்னா முதல்ல பெல்ட்டைப் பாருங்க.

கியர்ராஜா: கேட்டது ஏடிஎஃப், சொல்றது நுரை. போன தடவை கூலன்ட் திரியிலயும் இதே நழுவல்.

நட்டுபோல்ட்: கூலன்ட்ல பச்சையையும் ஆரஞ்சையும் கலக்கச் சொன்னது யாருன்னு அந்தத் திரியிலயே இருக்கு.

ஓரத்துஆளு: அது "ஸ்டேரிங்"ங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றோம்.

நட்டுபோல்ட்: எழுதும்போது ஸ்டீயரிங்.

ஓரத்துஆளு: மெக்கானிக் வாயில வராத எழுத்து எதுக்கு?

பெல்ட்பிரியன்: லெவல் ஆறின வண்டியில பார்க்கணுமா, ஓடினப்புறமா?

நட்டுபோல்ட்: டேங்க்ல கோல்டு, ஹாட் ரெண்டு கோடு இருந்தா ரெண்டுலயும் பார்க்கலாம், அந்தந்தக் கோட்டுக்கு. ஆறின வண்டியில ஹாட் கோடு வரை ஊத்தினா சூடானதும் மூடி வழியா வழியும், அதைப் பார்த்து ஒழுகல்னு ராக்கைக் கழட்டுவாங்க. நிஜமான ராக் ஒழுகல் வேணும்னா ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கற டை-ராடு மேல இருக்கற ரப்பர் உறையை (பூட்) அமுக்கிப் பாருங்க, உள்ள ஆயில் தேங்கியிருக்கும். டேங்கே காணோம்னா அனேகமா எலெக்ட்ரிக் ஸ்டீயரிங், தேடாதீங்க. அவசரத்துக்குன்னு பிரேக் ஆயில் டாட் 3 மட்டும் ஊத்திடாதீங்க, சீல் மொத்தமும் போயிடும்.

கியர்ராஜா: பிரேக் ஆயிலை யார் சொன்னா? நான் சொன்னது ஏடிஎஃப். ஏ-டி-எஃப்.

நட்டுபோல்ட்: உங்க டேங்க் மூடியில என்ன எழுதியிருக்கு?

கியர்ராஜா: அந்த எழுத்து எப்பவோ அழிஞ்சுபோச்சு.