‘ரீபவுண்ட் எஃபெக்ட்’: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு,

திறன் கூடியதால் மிச்சமாக வேண்டிய எரிபொருளில் ஒரு பகுதி, பயன்பாடு பெருகுவதால் மீண்டும் எரிந்துபோவதைத்தான் ‘ரீபவுண்ட் எஃபெக்ட்’ என்கிறார்கள். அதற்கு ‘மீள்விளைவு’ என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. ‘மீள்’ என்றதும் பழைய நிலைக்குத் திரும்புவதுதான் தோன்றும். எரிந்த நிலக்கரி திரும்புவதில்லையே. ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவன்ஸ் சொன்னதிலிருந்து தொடங்குவோம்.

நிலக்கரி பற்றிய 1865ஆம் ஆண்டு நூலில் அவர் காட்டும் சான்று ஸ்காட்லாந்தின் இரும்பு உலைகள். ஊதுகாற்றை முன்னரே சூடாக்கி உலைக்குள் செலுத்தும் முறைக்குப் பொறியாளர் நீல்சன் 1828இல் காப்புரிமை பெற்றார். ஒரு டன் இரும்புக்கான நிலக்கரி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஆனால் 1830க்கும் 1863க்கும் இடையே மொத்த நிலக்கரி நுகர்வு பத்து மடங்கானது! அப்படியென்றால் இரும்பு உற்பத்தி ஏறக்குறைய 30 மடங்கையும் தாண்டியிருக்க வேண்டும். உருக்கும் செலவு குறைய இரும்பு மலிந்தது, வாங்குவோர் பெருகினர், புதிய உலைகள் எழுந்தன.

மிச்சம் பிடித்தது கரைகிறது. எனவே ‘மிச்சக்கரைவு’. கணக்கிலும் பொருந்துகிறது: 100 அலகு எரிபொருள் 70 ஆகும் என எதிர்பார்த்தோம், 79இல் நின்றது. 30 அலகு மிச்சத்தில் 9 போயிற்று. மிச்சக்கரைவு 30 விழுக்காடு. ‘மிச்சம் கரைந்தது’ என்று வினையாகவும் வரும்.

----

ஐயா,

மிச்சக்கரைவு நல்ல சொல். ஆனால் ஸ்காட்லாந்தை அதன்கீழ் வைக்க முடியாது. அங்கே நிலக்கரி நுகர்வு பழைய அளவையே தாண்டிவிட்டது. உங்கள் கணக்கில் 79க்குப் பதில் 110 வந்தால், 30இல் 40 கரைந்ததாகிறது, அதாவது 133 விழுக்காடு. நூறைத் தாண்டும் நிலையை ‘பேக்ஃபயர்’ என்கிறார்கள். அதற்கு ‘மிஞ்சுகரைவு’ எனலாம். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், திறனைக் கூட்டுவதே வீண் என்று மாணவர் முடிவுகட்டுவார். 30 விழுக்காடு கரைந்தாலும் மிச்சத்தில் 70 விழுக்காடு கைக்கு வருகிறது.

திறன் கூடியும் மொத்த நுகர்வு பெருகுவதைக் குறிக்கும் ‘ஜெவன்ஸ் முரண்பாடு’ என்பதையும் மாற்ற வேண்டும். முரண்பட்ட இரண்டு கூற்றுகள் ஒருங்கே மெய்யாக முடியாது. மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் 1866 முதல் அளவையியலுக்கும் (தருக்கம்) பொருளியலுக்கும் பேராசிரியராக இருந்தவர் அவர். எரிபொருள் சிக்கனத்தை நுகர்வுக் குறைவு என்று கொள்வதே கருத்துக் குழப்பம் என்றுதான் எழுதினார். டன்னுக்கு ஆகும் அளவு வேறு, மொத்த அளவு வேறு; ஒன்று குறையும்போதே மற்றது கூடலாம். முரண் போலத் தோன்றுகிறது, அவ்வளவே. ஆகவே ‘ஜெவன்ஸ் முரண்தோற்றம்’.

வேதியியலின் ‘கரைதல்’ குறுக்கிடுமோ என்ற ஐயம் வரலாம். ‘மிச்சம்’ முன்னே நிற்பதால் குழப்பம் இராது. மூன்று சொற்களையும் கலைச்சொல் பட்டியலில் தனித்தனிப் பதிவாக ஏற்றி, முரண்தோற்றத்தின் விளக்கத்தில் மிஞ்சுகரைவுக்கு இணைப்புக் கொடுத்தால் போதும்.