மகமை யார் பணம்? வியாபாரி கொடுத்ததா, வாங்கியவன் கொடுத்ததா?

சிவப்புமை:
எங்கள் தெருமுனை மிட்டாய்க்கடையில் ஓர் அட்டை தொங்குகிறது: "நூறு ரூபாய்க்கு வாங்கினால் ஒரு ரூபாய் அரசுப் பள்ளிக்கு." நல்ல காரியம். குறை சொல்ல நான் வரவில்லை. அந்த அட்டையைப் படம் எடுத்து இங்கே போட்ட 'மண்டிக்காரன் மகன்', "விருதுநகர் வியாபாரிகள் தங்கள் லாபத்தைக் கிள்ளிக் கொடுத்த மகமையில்தான் காமராசர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலையே நடந்தது" என்று எழுதியிருக்கிறார். 'தங்கள் லாபத்தை' என்ற இரண்டு சொற்கள் எனக்குத் தொண்டையில் சிக்குகின்றன. மகமை, அதாவது பொதுக் காரியத்துக்கென்று வியாபாரத்தில் பிடித்த பணம், மூட்டைக்கு இவ்வளவு என்று சரக்கின் மேல் விழுந்தது. நஷ்டத்துக்கு விற்றாலும் மகமை மகமைதான். அப்படியானால் அது யார் பணம்?

மண்டிக்காரன் மகன்:
வாருங்கள் ஐயா. நல்லது நடக்கும் இடத்தில் நீங்கள் சிவப்பு மையோடு வந்து நிற்பது புதிதல்ல. என் தாத்தாவுக்கு வத்தல் மண்டி. பேட்டையில், அதாவது வண்டிகள் வந்து நிற்கும் வளாகத்தில், சரக்கு இறங்கினால் வசூல் செய்யும் முறைகாரர் வருவார், கணக்குப் பார்ப்பார், மகமையை எடுத்து வைப்பார். கொடுத்தது தாத்தா. வாங்கியது உறவின்முறை, எங்கள் நாடார் ஊர்ச் சங்கம். இதில் மூன்றாவது ஆள் எங்கே வந்தார்?

கரிசல்காட்டான்:
மூன்றாவது ஆள் நான்தான் அண்ணாச்சி. என் அப்பா வத்தல் மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போனவர். விற்றுத் திரும்பும்போது கையில் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். எடை, விலை, அதற்குக் கீழே வரிசையாகக் கழிவு: தரகு, இறக்குகூலி, சாக்கு, மகமை. சாக்குக்கும் நாங்கள்தான் கொடுத்தோம், பள்ளிக்கும் நாங்கள்தான் கொடுத்தோம். உங்கள் தாத்தா எடுத்து வைத்தார், அதை மறுக்கவில்லை. எங்கள் பணத்திலிருந்து எடுத்து வைத்தார்.

சிவப்புமை:
இதைத்தான் சொன்னேன்.

மண்டிக்காரன் மகன்:
ஒரு பட்டியலைக் காட்டிவிட்டு ஒரு நூற்றாண்டையே கழிவில் எழுதிவிடாதீர்கள். மகமை பல ஊரில் பல விதம். பேட்டையைப் பயன்படுத்தியவன் கொடுத்தது உண்டு, கடைக்காரன் ஆண்டுக்கு இவ்வளவு என்று கொடுத்தது உண்டு. தரகுக்கடை மகமை வேறு, சொந்தக் கொள்முதல் மகமை வேறு. எங்கள் ஆறு ஊர்களிலும் உறவின்முறை இருந்தது: விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி. ஆறு ஊர்க் கணக்கையும் நீங்கள் பார்த்தீர்களா? எங்கள் மண்டியில் கொடுத்தது தாத்தா.

கணக்குப்பிள்ளை:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். முப்பது வருடம் தணிக்கை வேலை பார்த்தவன். இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஹாத்ரஸ் ஊர் பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கு. விற்பனைப் பட்டியலில் 'தர்மாதா' என்று தனியாகப் போட்டு வாங்குபவரிடம் வசூலித்தார்கள். வருமான வரித் துறை, இதுவும் விற்பனை வரவுதான், வரி கட்டு என்றது. நீதிமன்றம் ஒப்பவில்லை. அது தர்மத்துக்கென்று வாடிக்கையாளர் கொடுத்த பணம், வியாபாரி அதைக் கைமாற்றித் தருகிறவர், ஆகவே அவருடைய வருமானம் இல்லை என்று சொல்லிவிட்டது. வியாபாரிக்குச் சாதகமான தீர்ப்புதான். ஆனால் 'நான் கொடுத்தேன்' என்று மார் தட்ட அதில் இடமில்லை.

சிவப்புமை:
ஐயா, பொன்னெழுத்து. வரி கட்டச் சொன்னால் 'அது என் பணம் இல்லை'. கல்வெட்டில் பெயர் வெட்டும்போது மட்டும் 'என் பணம்'. மண்டிக்காரன் மகன் எந்தப் பக்கம் என்று இப்போது சொல்லட்டும்.

மண்டிக்காரன் மகன்:
ஹாத்ரஸ் எங்கே, விருதுநகர் எங்கே? பருத்தி ஆலை எங்கே, வத்தல் மண்டி எங்கே? நான் கேட்பது ஒன்றே ஒன்று. கொடுக்காமல் இருந்திருக்க முடியுமா, முடியாதா? பக்கத்து ஊர் வியாபாரிகளும் கழிவு பிடித்தார்கள். அங்கே பள்ளி வந்ததா? பிடித்த பணத்தைப் பள்ளியாக மாற்றியவன் பெயர் என்ன?

கரிசல்காட்டான்:
தபால்காரர். மணியார்டரைக் கொண்டுவந்து கொடுத்தவர். அனுப்பியவர் நாங்கள்.

மண்டிக்காரன் மகன்:
தபால்காரன் பள்ளி கட்டுவதில்லை தம்பி.

மீனாட்சிசுந்தரி:
தாத்தாக்கள் சண்டையில் பாட்டிகளைக் காணவில்லையே. அதே பள்ளிக்குப் 'பிடியரிசிப் பள்ளி' என்று ஒரு பேர் இருப்பது இங்கே யாருக்கும் தெரியாதா? உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். வீடு வீடாக வந்து அதை வாங்கிப் போய் விற்றுப் பள்ளி நடத்தினார்கள். லாபத்தில் கிள்ளியதும் இல்லை, பட்டியலில் கழித்ததும் இல்லை. உலையில் குறைந்தது. அன்றைக்குக் கடைசியாகச் சாப்பிட்டவள் யாரோ அவள் கொடுத்தது.

மண்டிக்காரன் மகன்:
அம்மா, நீங்கள் சொன்னது சத்தியம். அந்த அரிசியை வாங்கிப் போட்டது யார்? தாத்தா.

மீனாட்சிசுந்தரி:
இதற்கு மேல் உங்களோடு பேச எனக்கு அரிசி இல்லை.

தமிழ்க்கடைக்கால்:
எல்லாரும் 'மகமை' என்று எழுதுகிறீர்கள். 'மகிமை'தான் திரிந்து மகமை ஆயிற்று. கொடுப்பதால் வரும் பெருமை. இதைக் கவனித்திருந்தால் யார் பணம் என்ற கேள்வியே வந்திருக்காது.

சிவப்புமை:
அகராதியில் மகமை தனிச் சொல்லாகவே இருக்கிறது. நகரத்தார் வட்டிக்கடைக் கணக்குகளிலும் மகமை உண்டு. உங்கள் பெருமையைக் கொண்டுவந்து அதில் ஒட்டாதீர்கள்.

தமிழ்க்கடைக்கால்:
அகராதி எல்லாம் எனக்குக் காட்ட வேண்டாம். பிரான்மலைக் கல்வெட்டைப் பாருங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே வணிகக் குழுக்கள் பொதிக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று சரக்கின் மேல் விதித்துக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். 'பட்டணப்பகுடி' என்று அதற்குப் பெயர்.

கரிசல்காட்டான்:
சரக்கின் மேல்! அவரே சொல்லிவிட்டார். லாபத்தின் மேல் இல்லை.

தமிழ்க்கடைக்கால்:
நான் சொன்னது சொல்லைப் பற்றி. என்னை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள்.

மண்டிக்காரன் மகன்:
சிவப்புமை ஐயாவுக்கு உண்மையில் என் மேல்தான் கோபம். போன தையில் 'எண்ணெயில் பொரித்தது பரோட்டாவே இல்லை' என்று எழுதினார். விருதுநகர் பரோட்டாவை நான் எடுத்துச் சொன்னபோது பதில் இல்லாமல் போனார். அந்தக் கணக்கை இங்கே வந்து தீர்க்கிறார்.

சிவப்புமை:
பொரித்தது பரோட்டா இல்லை. இன்றைக்கும் அதையே சொல்கிறேன். ஆனால் அது வேறு கணக்கு. தாத்தா கொடுத்த மகமைக்குச் சிட்டை, அதாவது அன்றாடக் கணக்கு, இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். பேரேட்டில் மகமை எந்தப் பக்கம் எழுதியிருக்கிறது, தாத்தாவின் செலவிலா, பிறர் கணக்கில் கழித்த பற்றிலா? ஒரே ஒரு பக்கம் போதும்.

மண்டிக்காரன் மகன்:
பேரேடு இருக்கிறது. சிவப்புத் துணி அட்டை, சணல் கயிறு, திறந்தால் இன்னும் தும்மல் வரும். பெரிய அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கிறது.

சிவப்புமை:
எடுங்கள்.

மண்டிக்காரன் மகன்:
பங்குப் பிரிவினைக்குப் பிறகு அண்ணனோடு பேச்சில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்த மிட்டாய்க்கடைக்கே திரும்பி வருகிறேன். கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் இரண்டு விழுக்காடு சமூகப் பணிக்குச் செலவிட வேண்டியது பெரிய கம்பெனிகள்தான். ஆண்டு லாபம் ஐந்து கோடியைத் தொட்டால், அல்லது விற்றுமுதல் ஆயிரம் கோடியைத் தொட்டால். தெருமுனைக் கடையை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. அவராகத்தான் அட்டை தொங்கவிட்டிருக்கிறார்.

மண்டிக்காரன் மகன்:
கேட்டீர்களா! யாரும் கேட்காமல் கொடுக்கிறார்.

சிவப்புமை:
நேற்று அந்தக் கடைக்குப் போனேன். கால் கிலோ மிக்சர் போன மாதத்தை விட ஐந்து ரூபாய் கூட. பள்ளிக்குப் போவது எத்தனை, கல்லாவுக்குப் போவது எத்தனை என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பையன் அட்டையைத் திரும்பிப் பார்த்தான், என்னையும் பார்த்தான், "அப்பா வந்ததும் கேளுங்கள்" என்றான்.

மண்டிக்காரன் மகன்:
கடலைமாவு விலை ஏறியது தெரியுமா உங்களுக்கு? பருப்பு விலை தெரியாதவர் மகமை பற்றிப் பேசுகிறார்.

கரிசல்காட்டான்:
பருப்பு விலை ஏறியதா? எங்களிடம் வாங்கும்போது ஏறவில்லையே.

மண்டிக்காரன் மகன்:
அதற்குத் தனி இழை போடுங்கள் தம்பி, அங்கே வந்து சொல்கிறேன். இங்கே கேள்வி ஒன்றுதான். கொடுத்தது தாத்தா.

சிவப்புமை:
சிட்டை?

மண்டிக்காரன் மகன்:
அண்ணன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகை வருமா என்று தெரியவில்லை. வந்தால் பார்க்கிறேன்.