காட், குட், டெவில், ஈவில்: எல்லாம் ஒரே வேரா?

மெய்ப்புக்காரி:

வணக்கம். பக்தி பற்றிய ஒரு கட்டுரை நூலுக்கு மெய்ப்பு பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர் பெரியவர், நன்றாகவே எழுதுகிறார். ஆனால் ஒரு அத்தியாயம் முழுக்க ஆங்கிலச் சொற்களை வைத்து விளையாடியிருக்கிறார். 'குட்' என்பதில் ஓர் எழுத்து குறைந்தால் 'காட்'. 'ஈவில்' முன்னால் ஓர் எழுத்து சேர்ந்தால் 'டெவில்'. புனிதம் என்று பொருள்படும் 'ஹோலி'யும் முழுமை என்று பொருள்படும் 'ஹோல்' என்பதும் உடன்பிறப்புகள். 'குட்பை' என்றால் 'நல்லபடியாகப் போய்வா'. இப்படியே போகிறது. அப்படியே அச்சுக்கு அனுப்ப மனம் வரவில்லை. அவரிடம் சொல்லலாம் என்றால் கையில் ஆதாரமும் இல்லை. இதில் எது நிஜம், எது கதை?

வேர்தேடி:

நாலில் ஒன்றுதான் தேறும் அம்மா. ஹோலி–ஹோல் உறவு உண்மை. பழைய ஆங்கிலத்தில் 'ஹால்' என்றால் குறையில்லாதது, நோயற்றது. அதிலிருந்து வந்தது 'ஹாலிக்', இன்றைய ஹோலி. ஹீல், ஹெல்த் இரண்டும் அதே குடும்பம்தான். ஹோல் என்பதன் முன்னால் எழுதும் 'டபிள்யூ' வெகு பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட எழுத்து. அதனால்தான் இந்த உறவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

மற்றவற்றுக்கு நான் எப்போதும் செய்கிற சோதனை ஒன்று உண்டு. ஆங்கிலத்துக்கு ஜெர்மன் உடன்பிறந்த மொழி. இங்கே ஒட்டிக் கிடக்கிற இரண்டு சொற்கள் அங்கே எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். காட் அங்கே 'கொட்', குட் அங்கே 'கூட்'. உயிரொலியே வேறு. பழைய ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே எழுத்துகளால் எழுதினார்கள், உயிர் மட்டும் ஒன்றில் குறில், ஒன்றில் நெடில். நம் ஊகக்காரர்கள் வழுக்கி விழுவது அங்கேதான். குட் என்பதன் வேருக்குப் 'பொருந்துதல், சேர்தல்' என்று பொருள். கேதர், டுகெதர் எல்லாம் அதன் சொந்தக்காரர்கள்.

காட் என்பதற்கு அறிஞர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. 'அழைக்கப்பட்டவர்' என்பது ஒன்று. வடமொழியில் இந்திரனைப் 'புருஹூதன்', பலரால் அழைக்கப்படுபவன், என்கிறார்களே, அந்த 'ஹூத'வுக்கு உறவு. '(அவி) ஊற்றப்பட்டவர்' என்பது மற்றொன்று. அப்படியானால் ஹோமம் என்ற சொல்லுக்கு உறவு. எதை எடுத்தாலும் 'நல்லவர்' என்ற பொருள் வராது. உங்கள் ஆசிரியருக்கு இது நஷ்டமே இல்லை என்பேன். அவர் புனைந்ததைவிட இது அழகு.

டெவில், ஈவில்? ஜெர்மனில் 'டாய்ஃபெல்', 'ஊபெல்'. அங்கே ஓர் எழுத்தைச் சேர்த்து ஒன்றை மற்றொன்றாக்க முடியாது. டெவில் கிரேக்கத்து 'தியாபொலொஸ்', அதாவது பழி சுமத்துபவன், அவதூறு பேசுபவன். எபிரேயத்தின் 'சாத்தான்' என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் போட்ட சொல் அது. ஈவில் சுத்தமான ஜெர்மானியச் சரக்கு, அதாவது ஆங்கிலமும் ஜெர்மனும் பிறந்த குடும்பத்தின் சொந்தச் சொல்.

குட்பை 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலைகாட்டுகிறது. 'காட் பி வித் யீ', கடவுள் உம்மோடு இருக்கட்டும். பேச்சில் தேய்ந்து தேய்ந்து, குட் டே, குட் ஈவ்னிங் இவற்றின் வாடை பட்டு காட் போய் குட் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆக, நூலாசிரியர் கடவுளைத் தேட வேண்டிய இடம் இதுதான். இங்கே போய் 'நல்லபடியாக' என்று எழுதியிருக்கிறார், பாவம்.

பழஞ்சுவடி:

ஐயா, ஒரு சிறு ஆட்சேபம். ஜெர்மன் சோதனை எல்லா இடத்திலும் செல்லாது. பிஷப் அங்கே 'பிஷோஃப்', சர்ச் அங்கே 'கிர்ஹெ'. இரண்டும் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகின்றன, ஆனாலும் ஜெர்மானியச் சொற்கள் அல்ல. பிஷப் கிரேக்க 'எபிஸ்கொபொஸ்', மேற்பார்வையாளர். சர்ச் 'கூரியாகோன்', ஆண்டவருடையது.

வேர்தேடி:

நல்ல கேள்வி, தம்பி. அந்தச் சோதனை பிரிக்கத்தான் உதவும், பிறப்பிடம் சொல்லாது. ஒட்டியிருப்பவை அங்கே விலகி நின்றால் ஊகம் செத்தது. ஒத்துப்போனால் இன்னும் தோண்ட வேண்டும். டெவில்கூட கடன் சொல்தானே.

வாசகி:

பிளெஸ் என்பது பிளட் என்பதிலிருந்து வந்தது என்று எங்கோ படித்தேன். ஆசீர்வாதத்தில் ரத்தமா? நம்பவே முடியவில்லை.

வேர்தேடி:

நம்பலாம். பெரும்பாலோர் ஏற்பது அதுதான். பழைய வடிவங்களில் ஒன்று 'பிளோட்சியான்', ரத்தம் தெளித்துப் புனிதமாக்குதல். இங்கிலாந்துக்காரர்கள் கிறித்தவர்களானபோது லத்தீன் 'பெனெடிகெரே', அதாவது நல்வாக்குச் சொல்லுதல், என்பதற்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. புதிதாக உருவாக்காமல் பழைய பலிபீடத்துச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மன்காரர்கள் வேறு வழி போனார்கள். அவர்களுடைய 'செக்னென்' லத்தீன் 'சிக்னும்' என்பதிலிருந்து வந்தது, சிலுவை அடையாளம் இடுதல்.

எனக்குப் பிடித்தது 'பீட்', மணி. அதற்கு முதலில் ஜெபம் என்றுதான் பொருள். ஜெர்மனில் இன்றும் 'கெபேட்' என்றால் ஜெபமே. மாலையை உருட்டி ஜெபத்தை எண்ணியவர்கள் 'என் பீட்களை எண்ணுகிறேன்' என்று சொல்லிச் சொல்லி, எண்ணப்பட்ட ஜெபத்தின் பெயர் விரலில் உருண்ட மணிக்குப் போய்விட்டது. இன்று பாசிமணிக்கும் அதே பெயர், ஜெபம் யாருக்கும் நினைவில்லை.

சில்லி இன்னும் பாவம். முதலில் பாக்கியம் பெற்றவன். பிறகு கள்ளமற்றவன், பிறகு இரங்கத்தக்கவன், கடைசியில் அசடு. ஜெர்மன் 'சேலிக்' மட்டும் பாக்கியத்தை விடவில்லை.

மெய்ப்புக்காரி:

நன்றி ஐயா. அத்தியாயத்தையே எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் அவர் மனம் நோகும். என்ன செய்வது?

வேர்தேடி:

எடுக்க வேண்டாம். ஹோலி பத்தி இருக்கட்டும். குட்பை பத்தியைத் திருப்பிப் போட்டால் அவருக்கே லாபம். காட்–குட் வரியை 'ஒலியில் நெருங்கியவை, வேரில் அல்ல' என்று மாற்றி, புருஹூதனைச் சேர்க்கச் சொல்லுங்கள், சந்தோஷமாக ஒப்புக்கொள்வார். டெவில் வரியை மட்டும் தயவு பாராமல் அடித்துவிடுங்கள்.