கலைச்சொல்: 'க்விக்கனிங்' – கருத்துடிப்பா, அசைவறிதலா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கருக்கலைப்புச் சட்ட வரலாற்றைத் தமிழில் எழுதும்போது 'க்விக்கனிங்' என்ற சொல்லில் தடுக்கி நிற்கிறோம். வயிற்றுப் பிள்ளை அசைவதைத் தாய் முதன்முதலாக உணரும் கட்டம் அது. இங்கிலாந்தின் 1803 சட்டம் அக்கட்டத்துக்குப் பின் கலைத்தால் மரண தண்டனை என்றது. முன் என்றால் தண்டனை குறைவு. 1837இல் அங்கே இந்த வேறுபாட்டை நீக்கிவிட்டார்கள். ஆனால் 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவில் அது இடம்பிடித்தது: பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, அக்கட்டத்தை எட்டிய பெண் என்றால் 7 ஆண்டு வரை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவிலும் இதே கணக்கு. 'கருத்துடிப்பு' எனலாமா?

— மறுமொழி —

'துடிப்பு' வேண்டாம் ஐயா. டெக்சாஸின் 2021 சட்டத்தை 'இதயத்துடிப்புச் சட்டம்' என்கிறோம். அது ஏறக்குறைய 6 வாரக் கணக்கு. நீங்கள் கேட்கும் கட்டமோ தலைச்சன் பிள்ளைக்கு 18 முதல் 20 வாரம், அடுத்த பேறுகளில் 16 வாரத்திலேயே வரலாம். வாசகர் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டால் கட்டுரையே தலைகீழாகிவிடும்.

'கருவசைவு' என்பதிலும் ஓட்டை இருக்கிறது. ஸ்கேனில் 8, 9 வாரத்திலேயே கரு அசைவது தெரியும். தாய்க்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஸ்கேன் இல்லாத காலத்தில் "பிள்ளை புரளுது" என்று அவள் சொன்னதுதான் சான்று. ஆகவே சொல்லுக்குள் அவள் அறிவது இருந்தே ஆகவேண்டும். என் பரிந்துரை 'அசைவறிதல்'. சட்டத் தொடரில் 'அசைவறிந்த கர்ப்பிணி' என இயல்பாக உட்காருகிறது.

— மறுமொழி —

'அசைவுணர்வு' இன்னும் எளிதே என்று எழுத வந்தேன். உடலியலில் தசை, மூட்டு அசைவை உணர்வதற்கு அது போய்விடும். அசைவறிதலே சரி, அம்மா.

ஒரு எச்சரிக்கை. கருப்பைக்கு வெளியே பிழைக்கும் ஆற்றலை இதோடு கலக்கக்கூடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் எல்லையாக வைத்தது அதைத்தான். அதற்குப் 'பிழைதிறன்' என்று தனிச்சொல் வைப்போம். இந்தியாவின் 1971 சட்டம் இரண்டையும் விட்டுவிட்டு வாரத்தை எண்ணியது: 12 வரை ஒரு மருத்துவர் கருத்து, 20 வரை இருவர். 2021 திருத்தம் அதை 20, 24 ஆக்கியது. அந்தப் பத்திகளில் 'வாரம்' என்றே எழுதுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவுக்கு மட்டும் 'அசைவறிந்த' மீண்டும் தேவைப்படும். பழைய 3, 7 ஆண்டு வேறுபாடு அங்கே அப்படியே இருக்கிறது.