அப்டேட்: சிங்க் ஓரத்து கிரானைட் ஜாயிண்ட், கடைசில சரி பண்ணிட்டோம்

போன மாசம் கேட்டிருந்தேன்ல, குன்னூர் வீட்ல கிச்சனைப் புதுசா பண்ணப்போ ரெண்டு கிரானைட் பலகையும் சேர்ற இடம் சரியா சிங்க் ஓரத்துல வந்துடுச்சு, நடுவுல 3 எம்எம் கேப், அதுல வெள்ளை சிமெண்ட்டை அடைச்சுட்டாங்க, கருப்புக் கல்லுல வெள்ளைக் கோடு, மாத்தவா விடவான்னு. விட்டுடுங்க, பழகிடும்னுதான் நிறைய பேர் சொன்னீங்க.

பழகல. இந்த ஐப்பசி மழைல வீட்டுக்குள்ள துணியே காயாது, அந்தக் கோடு எங்க காயும்? ரெண்டே வாரத்துல பாசி மாதிரி கறுத்துடுச்சு, நகத்தால கீறினா ஈர மாவா உதிருது, அடியில கேபினட் ப்ளைவுட் ஓரம் வேற லேசா உப்பியிருக்கு. அதைப் பாத்ததும் மனசு கேக்கல, சரி பண்ணியே ஆகணும்னு முடிவு பண்ணிட்டேன்.

கல்லையே மாத்தணும்னா சிங்க்கைக் கழட்டணும், சுவத்து டைல்ஸும் உடையும், அது வேணாம். மேஸ்திரி அண்ணன் சிமெண்ட்டை பிளேடால முழுசா சுரண்டி எடுத்தார், நான் ஹேர் டிரையர் வெச்சு உள்ள இருந்த ஈரத்தைக் காயவெச்சேன், அப்புறம் எபாக்சிங்கற, கெட்டியா இறுகுற பசைல கருப்பு பிக்மெண்ட் கலந்து அடைச்சார். சிமெண்ட் தண்ணியை உறிஞ்சும், எபாக்சி உறிஞ்சாது. ஆனா நம்ம ஊர் குளிர்ல அது இறுக லேட்டாகும், அவசரப்படாதீங்க, நாங்க ரெண்டு நாள் சிங்க் பக்கமே போகல, பாத்திரமெல்லாம் கொல்லைக் குழாய்லதான், பாவம் அத்தை அந்தக் குளிர்ல தேய்ச்சாங்க.

ஜன்னல் வெளிச்சம் சாய்வா விழுந்தா கோடு இப்பவும் தெரியும். கையால தடவினா தட்டுப்படல. எனக்கு இது போதும். ப்ளைவுட் ஓரத்தை வெயில் வந்ததும் பாக்கணும்.