கிட்டாரில் லாக்கர் பூச்சு வெள்ளையாகப் பூத்துவிட்டது, உதவி வேண்டும்

ஏற்காட்டில் வீட்டிலேயே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்துகொண்டிருக்கிறேன். டெலிகாஸ்டர் வடிவம், உடல் 45 மி.மீ. கனம். மரம் சில்வர் ஓக். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நின்று மிளகுக்கொடி சுமந்த மரம்தான். இரண்டு வருடம் காய்ந்த பலகை.

120, 180, 220 என்று உப்புத்தாள் போட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த சிவப்புச் சாயத்தைத் துணியால் தேய்த்தேன். வரிகள் அழகாக எழுந்து வந்தன. அதுவரை நான் ராஜா. அப்புறம் மரத்துளைகளை அடைக்கும் சீலர் இரண்டு கோட், போன ஞாயிறு மாலை அதன் மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் ஸ்ப்ரே. மூன்றாவது கோட் அடிக்கும்போது மூடுபனி ஷெட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் பால் ஊற்றினாற்போல் வெள்ளை. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் சிக்கிக்கொள்கிறது என்பது புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

ஹேர் டிரையர் காட்டினேன், பயனில்லை. நான்கு நாள் வெயிலில் வைத்தேன். ஏற்காட்டு வெயில், கேட்கவா வேண்டும்! 600 தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்ததில் ஓரத்தில் சாயமே கிளம்பிவிட்டது. பின்பக்கம் வெறும் தின்னரை மெல்லிசாக அடித்துப் பார்த்தேன்; வெள்ளை பாதி போனது, ஆனால் சிவப்பு கசிந்து திட்டுத் திட்டாக நிற்கிறது. சேலத்தில் ஒரு பாலிஷ்காரர் ரிடார்டர் கலக்கச் சொல்கிறார். அதைக் கலந்தால் பூச்சு மெதுவாகக் காயும், சாயம் இன்னும் கசியுமோ என்று பயம்.

சேலத்துக்கு இறக்கி, காய்ந்த மதியத்தில் ரிடார்டர் கலந்து ஒரு மெல்லிய கோட் அடித்தால் சாயம் கலையாமல் வெள்ளை போகுமா, இல்லை மரம்வரை சுரண்டித்தான் ஆக வேண்டுமா?